ஓர் ஆர்டருக்கு இரண்டு பேர்

“ஹலோ... அக்கா, நான்தான். ... ஆபீஸ்லதான், மாடிப்படியில நிக்கிறேன். ... அழலை, சிரிக்கிறேன். ... இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நான்தான் ஒரு காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிறேன்.”

படிக்கட்டுக் கதவை முதுகால் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்தியபடி மறுபடியும் சிரித்தாள். மேசை, கட்டில் விற்கும் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதும் குழுவில் அவள்தான் வடிவமைப்பாளர். வாங்குபவர், பொருள், வீடு என எந்தத் தகவல் எதோடு சேரும் என்று கட்டமும் கோடுமாக முதலில் படம் வரைந்து கொடுப்பது அவள் வேலை.

“ஆபீஸ்ல மேல்மாடிக்காரர் இருக்காரில்ல... ஆமா, ஆமா, என் படத்துல தினம் குத்தம் கண்டுபிடிக்கிறவரேதான். ... நீ அவரைப் பார்த்ததில்லை, ஆனா அவருக்கு உன்னை நல்லாத் தெரியும். ... கோபப்படாதேக்கா. படம் சரியான்னு பார்க்க நிஜ மனுஷங்களைப் போட்டுத்தான் பார்க்கணும். கற்பனை ஆளுங்க சமர்த்தா ஒரே வீட்டுல இருந்துடுவாங்க, சிக்கலே வராது. அதான் நம்ம ஆளுங்களைப் போட்டேன். நீ கட்டில் வாங்கி மாமியார் வீட்டுக்கு அனுப்பினது, டெலிவரிக்காரன் கூப்பிட்டா அப்பா போனே எடுக்காதது... ஆமா, அத்தான் சோபாவைத் திருப்பி அனுப்பினதும்தான். ... அவரும் அவர் வீட்டு ஆளுங்களைப் போடுவார். அவங்கம்மாவுக்கு மரச்சேர்தான் ஒத்துவரும்னு எனக்கே மனப்பாடம்.”

“சரி, கேளு. இன்னிக்குக் கடைசிக் கூட்டம். படம் முடிவாயிட்டா அவர் வேற வேலைக்குப் போயிடுவார். எழுந்து ஒரு உதாரணம் போட்டார். ஒரு டைனிங் டேபிள், ரெண்டு சேர். வாங்குறவங்க ரெண்டு பேர். ஒருத்தர் அவர். இன்னொரு இடம் காலி. ‘இது உங்க படத்துல அடங்குமா’ன்னு என்னையே பார்த்துக் கேட்டார். ... நான் என்ன சொன்னேனா?”

குரல் கீழே இறங்கியது.

“‘ஒரு ஆர்டருக்கு ஒருத்தர்தான், இப்படி ஒரு கேஸ் நமக்குத் தேவையில்லை’ன்னு விலாவாரியா விளக்கிட்டேன். ... சத்தியமாப் புரியலைக்கா. எந்த வீட்டுக்கு அனுப்பணும்னு வேற கேட்டேன். ‘அதை அந்த இன்னொருத்தர்தான் சொல்லணும்’ன்னார். ‘வீடே தெரியாம ஆர்டர் எடுக்க முடியாது’ன்னு... திட்டாதே. மேனேஜர் இருமுறார், பக்கத்துல இருந்த பொண்ணு பேனாவைத் தேடுற மாதிரி குனிஞ்சு சிரிக்கிறா, எனக்கு மட்டும் ஏறலை. அந்த உதாரணத்துக்கு நேரா ‘தள்ளுபடி’ன்னு போர்டுல எழுதிட்டு இடைவேளை விட்டாங்க. தண்ணி குடிக்கும்போதுதான் அந்தக் காலி இடம் யாருக்குன்னு உறைச்சுது.”

“... பிடிக்குமாவா? ... ம். ... ம், ரொம்ப. அவர் குத்தம் சொல்லாத அன்னிக்கெல்லாம் சோறே இறங்கலை, அப்பவே தெரிஞ்சிருக்க வேணாமா...”

கீழே காலடிச் சத்தம். அவர்தான் ஏறி வந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்து, சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

“அக்கா, வைக்காதே, ஒரு நிமிஷம்... சார், நில்லுங்க. நான் சொன்னது தப்பு. ... நீங்க ஏன் மன்னிப்புக் கேட்கிறீங்க? ரெண்டு பேர் சேர்ந்து வாங்கலாம். படத்தைத்தான் மாத்தணும், ஆளை இல்லை. ... நிஜமாத்தான். ... ஆமா. ஆமாங்கிறேன்ல.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போனுக்குள் அக்கா போட்ட கூச்சல் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

“மெதுவாக்கா, காது போயிடும். ... அப்பாகிட்ட நீயே சொல்லிடேன். ... இப்ப முடியாது, உள்ளே கூப்பிடுறாங்க. போய் அந்தத் தள்ளுபடியை அழிக்கணும். ... காரணம் கேட்பாங்கதான். ... இல்ல, அவர் சொல்ல வேண்டாம். அத்தனை பேர் முன்னாடி முடியாதுன்னவ நான், நானே சொல்றேன். ... வைக்கிறேன்.”