பொருந்தும் என்றுதான் சொன்னேன்

ஐயா,

பழைய சிலிண்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் பெயின்ட்டைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் வாயை. செம்மேட்டில் பத்தொன்பது வருடமாக மனு எழுதிப் பிழைக்கிற எனக்கே இது தெரியும். அதை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மணிவண்ணனைச் சொல்கிறேன். போன மாதம் அருவிக்குக் கீழே மடுவில் செத்துப்போனவன். போலீஸ் கோப்பில் 'சிலிண்டர் கோளாறு' என்று எழுதி முடித்திருக்கிறார்கள். சிலிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. அது நான் விசாரித்து, எழுதிக் கேட்டு, தேர்ந்து வாங்கிக் கொடுத்த சிலிண்டர். இந்தப் பிழையைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

மணிவண்ணனுக்குத் தொழில், கிணற்றில் விழுந்த மோட்டாரை முங்கி எடுப்பது. மடுவில் யாராவது மூழ்கினால் உடலையும் எடுத்துக் கொடுப்பான். மலையில் அவனுக்கு அதனால் ஒரு பெயர். அவனிடம் இருந்த ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி, கவ்வி வகை. சிலிண்டரின் வாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். இன்னொன்று மரை வகை. வாய்க்குள்ளேயே மரை இருக்கும், அதில் திருக வேண்டும். மரை வாயில் கவ்வியை மாட்ட நடுவில் ஒரு பித்தளைத் துண்டு வேண்டும். அந்தத் துண்டு அந்த வால்வுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே தடவையில் புரியும்.

புதுச்சேரியில் முங்கு சாமான் கடை வைத்திருந்து மூடிய ஒருவரிடமிருந்து இரண்டு பழைய சிலிண்டர்கள் வரவழைத்தோம். போனில் பேசினால் பின்னால் பேச்சு மாறும் என்பதால் எல்லாவற்றையும் கடிதத்திலேயே வைத்துக்கொண்டேன். மணிவண்ணன் ஒரு கடிதத்தையும் படித்ததில்லை. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பான்.

பெட்டி லாரியில் வந்தது. மூன்றாம் நாள் என் விலாசத்துக்கு ஒரு தபால் உறை வந்தது. புதுச்சேரிக்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பெட்டியில் வைத்த பித்தளைத் துண்டுகள் வேறு வால்வினுடையவை, தவறி மாறிவிட்டன. இரண்டு மூன்று சுற்று ஏறும், பிடித்ததுபோலத் தெரியும், ஆனால் அழுத்தத்தைத் தாங்காது, அவற்றோடு இறங்க வேண்டாம். சரியான துண்டுகள் இரண்டையும் உறைக்குள்ளேயே வைத்திருந்தார்.

அந்த உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கொடுக்கத்தான் போனேன்.

மணிவண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தத் தவறான துண்டுக்கு வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்தான். போர் பைப்புக்கு ஒழுகாமல் சுற்றுகிற அதே டேப். மரை சரியாக ஏறாத எதற்கும் இவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அந்தத் துண்டின் வகை என்ன என்று பார்த்தாயா என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"மரை ஏறிருச்சுன்னா கல்யாணம் முடிஞ்ச மாதிரிங்கண்ணா. இதுக்கும் சாதகம் பாக்கச் சொல்றீங்களா?"

பிறகு கடையைப் பார்த்துச் சொன்னான்: "நான் தண்ணியில முங்குவேனுங்க. அண்ணன் காயிதத்துல முங்குவாரு. இன்னும் மேல வரலை."

பதினோரு பேர் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த சென்றாயனையும் சேர்த்தால் பன்னிரண்டு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

சிரித்து முடித்துவிட்டு அவன் துண்டை என் பக்கம் நீட்டினான். "சும்மா சொன்னேனுங்கண்ணா. நீங்க படிச்சவரு. இது பொருந்துமுங்களா?"

"பொருந்தும்" என்றேன்.

பொருந்தத்தான் செய்தது. தாங்குமா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உறையை எடுத்துக் கையில் கொடுத்திருப்பேன். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியாதவர்களுக்காகப் பத்தொன்பது வருடம் கேள்வியையும் நானே எழுதிக் கொடுத்தேன். அன்று ஒரு நாள் எழுதவில்லை.

மறு வாரம் சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் மடுவில் மூழ்கினான். மணிவண்ணன் இறங்கினான். கயிற்றைப் பிடித்தவன் அவனுடைய மச்சான் சதீஷ்குமார், ஜீப் ஓட்டுகிறவன். நான் பாறைமேல் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறித்தேன். 10.42 இறக்கம். தண்ணீருக்கடியில் ஒரு பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும், உடல் அதற்குள் இருந்தது. 10.49க்கு நுரை ஒரே குவியலாகப் பொங்கி வந்தது. துண்டு பாறையில் இடித்துத் தெறித்திருக்கும். கெடச்சிருச்சு போல என்று கரையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒரு கூட்டம்.

கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. சதீஷ்குமார் என்னைப் பார்த்தான். "தூக்கீரலாமுங்களாண்ணா?"

மூன்று இழுப்பு இழுத்தால் தூக்குவது என்று பேச்சு. இழுத்தது ஏழு. நான் எண்ணினேன். "மூணுன்னுதானே பேச்சு, பொறு" என்றேன். அவன் பொறுத்தான். 10.56க்குத் தூக்கச் சொன்னேன்.

அந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. விசாரிக்க வந்தவர் என் பெயரைப் பூபதி என்று மட்டும் எழுதிக்கொண்டு, வேடிக்கை பார்த்தவர்கள் பட்டியலில் சேர்த்தார். கொன்றேன் என்ற சொல் தங்களுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், மறுக்க மாட்டேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. மற்றொரு சிலிண்டர் மணிவண்ணன் வீட்டிலேயே கிடந்தது. நேற்று சதீஷ்குமார் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். மணிவண்ணன் மனைவி யமுனா அவனுக்கு அக்கா; இனி அவளையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியவன் தான் ஒருவன்தான் என்றான். மலையிலேயே வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு கிணற்றில் மோட்டார் விழுந்து பாறைக் குடைவுக்குள் போய்விட்டதாம். அக்கா போகாதே என்று அழுகிறாளாம்.

"மாமனுக்கு நேரம் சரியில்லீங்க. கோளாறான சிலிண்டரு மாட்டிக்கிச்சு. இது நல்ல சிலிண்டருங்களா? அவரு டேப் சுத்தி வெச்ச இன்னொரு துண்டு அப்படியே இருக்குது. பொருந்துமுங்களாண்ணா?"

நல்ல சிலிண்டர் என்றேன். பொருந்தும் என்றேன்.

நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இறங்குகிறான். போனில் சொல்லிவிடலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. ஆகவே புதுச்சேரிக்காரரின் கடிதத்தையும் சரியான பித்தளைத் துண்டுகள் இரண்டையும் இத்துடன் இணைத்து, இன்றே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். திங்கட்கிழமை தங்கள் கைக்குக் கிடைக்கும். என் பக்கம் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை.