மெத்தை மேல் மோட்டார்

பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து வந்த பஸ்ஸில், தூறலைப் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டுப் பெண்ணின் ஸ்பீக்கர் போனில் அவள் கணவன் பேசினான்.

"டெம்போ தொட்டில் மாதிரி ஆடுதுடி. சுகமா இருக்குது."

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"நாலு மோட்டாரையும் எங்க வெச்சே?" என்றாள் அவள்.

"மெத்தைங்க மேல. மொதல்ல ஜோகுபாளையத்துல மோட்டாரைத்தானே எறக்கணும்."

"கனம் மேல இருக்குறதாலதான்யா அப்படி ஆடுது, வளைவுல வண்டி சாஞ்சிடும். ஓரங்கட்டு. மோட்டாரைக் கீழ வெச்சுக் கட்டு."

"ஃப்ளைஓவர் ஏறப்போறேன். நானும் கிளீனரும் ரெண்டே பேரு, எல்லாத்தையும் எறக்கணுமே."

"எறக்கு. ஃப்ளைஓவர் எங்கயும் ஓடிப்போவாது. நான் லைன்லயே இருக்கேன்."

என் நிறுத்தம் வந்தது, போனது. போனில் இன்ஜின் நின்றது. அவன் முனகிக்கொண்டே கயிற்றை அவிழ்ப்பது கேட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே மெதுவாக நடந்தேன்.