சத்தம் முந்தி, ரேடியோ பிந்தி

நோரீன்: பெரியவரே, கடலையை உரிச்சுத் தின்னுங்க, வேண்டாங்கல. தோலை என் காலடியிலேயே போடணுமா?

ஹாலிஸ்: வேகவச்ச கடலையைக் கண்டா என் கைக்குக் கண்ணு தெரியாது தாயி. உப்புதான் ஒரு கல்லு கூட.

நோரீன்: ஓசியில தின்னுட்டு நொட்டை வேற.

ஹாலிஸ்: ஃபுட்பால் ஆட்டத்தன்னிக்கு மைதானத்து வாசல்ல வண்டி டிக்கியைத் திறந்து அடுப்பு மூட்டிட்டா அது ஊர்ப் பந்தி. நம்ம அலபாமாவுல எவன் அடுப்புல எவன் வேணாலும் கை வைக்கலாம்.

நோரீன்: அது ஆட்டம் தொடங்கற வரைக்கும். இப்ப ஊரே உள்ள போயாச்சு. நீங்க ஏன் போகல?

ஹாலிஸ்: முட்டி வலி. படி ஏற விடாது.

நோரீன்: கடலைச் சட்டிக்கு மட்டும் குதிச்சுக் குதிச்சு வருதே அந்த முட்டி!

ஹாலிஸ்: அது சமதரையாச்சே. நீ ஏன் போகல? கழுத்துல டிக்கெட்டு தொங்குது...

நோரீன்: எனக்கு வெயில் ஆகாது.

ஹாலிஸ்: மேகம் மூடிக் கிடக்கு.

நோரீன்: அப்ப குளிர் ஆகாது. ரேடியோவைக் கேக்க விடுங்க.

ஹாலிஸ்: ரேடியோ எதுக்கு? உள்ள நடக்கறது சத்தத்துலயே தெரியும். இங்க எப்பவும் சத்தம் முந்தி, ரேடியோ பிந்தி. ...இந்தா, கப்சிப்னு ஆயிட்டாங்க பாரு. பந்து நம்ம பசங்க கையில.

நோரீன்: பந்தை எறியற குவார்ட்டர்பேக் கத்தறது மத்த பசங்க காதுல விழணுமில்ல. அதான் மொத்த ஊரும் வாயைப் பொத்திக்குது.

ஹாலிஸ்: பரவாயில்லையே, விஷயம் தெரிஞ்ச பொம்பளைதான்! இந்த ரீஸ் பயலுக்குன்னா நான் மூச்சைக்கூட அடக்கிக்குவேன். என்னா கை! கல்லூரிக்கு வந்து ரெண்டாவது வருஷம்தான். ஓடிக்கிட்டே எறியறான், பந்து சொன்ன இடத்துல போய் உக்காருது. கோடி கோடியா கொட்டற பெரிய லீக்குக்காரன் கொத்திக்கிட்டுப் போயிடுவான்.

நோரீன்: கை இருந்து என்ன? காதுதான் இல்ல. ஒருத்தர் பேச்சுக் கேக்க மாட்டான். ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போடற ரகம்.

ஹாலிஸ்: துண்டு வரைக்கும் தெரியுமா உனக்கு?

நோரீன்: ...மூஞ்சியைப் பாத்தாலே தெரியாதா?

ஹாலிஸ்: ஹெல்மெட்டுக்குள்ள இருக்கற மூஞ்சியையா?

நோரீன்: அந்தச் சர்க்கரை டீயைக் குடிங்க. வாய் கொஞ்சம் சும்மா இருக்கும்.

ஹாலிஸ்: பையன் தங்கம் தாயி. கோச்சுதான் தகரம். அந்த டில்லர்ட் பய...

நோரீன்: அவருக்கென்ன? போன வருஷம் இந்த ரீஸ் எதிராளி கையிலயே எறிஞ்சு கொடுத்துட்டிருந்தான். அவசரக்குடுக்கை. எறியறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நில்லுடான்னு கத்துக் கொடுத்தது யாரு? அந்தத் தகரம்தான்.

ஹாலிஸ்: கத்துக் கொடுத்து என்ன புண்ணியம்? பக்கத்து ஊரோட ஆட்டம்! அந்தத் தேதியில கல்யாணம்கூட வைக்க மாட்டோம் நாம. அதுல போய் ரீஸைப் பெஞ்சுல உக்கார வச்சான். தோத்து மானம் போச்சு. மூணு வாரமா அவனை இறக்கவே இல்ல, இன்னிக்குத்தான் இறக்கியிருக்கான். ஏன்டான்னு கேட்டா, 'என் முடிவு'ங்கறான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது.

நோரீன்: காரணம் இல்லாமலா இருக்கும்?

ஹாலிஸ்: இருந்தா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! இன்னிக்கும் தோத்தா வேலை போச்சு. இப்ப நாலு புள்ளி பின்னாடி கிடக்கோம். அவன் வீட்டு வாசல்ல 'வீடு விற்பனைக்கு'ன்னு ராவோட ராவா பலகை நட்டுட்டுப் போறானுங்க. ஊரை விட்டுப் போடான்னு அர்த்தம். காலையில எழுந்து பிடுங்கிப் பிடுங்கிக் கையெல்லாம் கொப்புளம்...

நோரீன்: யார் கையெல்லாம்?

ஹாலிஸ்: ...பக்கத்து வீடு. பாக்க அசிங்கமா இருக்கேன்னு பிடுங்கறேன்.

நோரீன்: திட்டறதும் நீங்களே, பிடுங்கறதும் நீங்களேவா? நல்ல கூத்து.

ஹாலிஸ்: பேச்சை மாத்தாதே. டில்லர்ட் ஒரு பயந்தாங்கொள்ளி. இவ்வளவுதான் விஷயம்.

நோரீன்: யாரு? யாரு பயந்தாங்கொள்ளி? விவரம் தெரியாமப் பேசாதீங்க!

ஹாலிஸ்: தெரிஞ்சவ சொல்லேன்.

நோரீன்: ...எங்கேயோ காதுல விழுந்ததுதான். வெளிய விட மாட்டீங்களே?

ஹாலிஸ்: கடலை மேல ஆணை.

நோரீன்: அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் பையன் வீட்டுக்குச் சாப்பிட வந்தானாம். பயிற்சியில தலையில அடி. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. வந்ததும் வராததுமா, சமையல்கட்டு விளக்கை அணைன்னானாம், கண்ணு கூசுதுன்னு. அப்புறம்... கூடப் பிறந்த தங்கச்சி பேரு வாயில வரலயாம்.

ஹாலிஸ்: அடப்பாவமே.

நோரீன்: 'கோச்கிட்ட சொன்னே, இனி உன்கூடப் பேசவே மாட்டேன்'னு அவங்கம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டான். அவளும் பண்ணிட்டா. விடிஞ்சதும் கோச்சுக்குப் போன் போட்டுட்டா.

ஹாலிஸ்: ...கோச் என்ன சொன்னானாம்?

நோரீன்: 'நீங்க எனக்குப் போனே பண்ணலம்மா. நானா அவன் கண்ணைப் பாத்துக் கண்டுபிடிச்சேன். போனை வைங்க'ன்னாராம். அன்னிக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கார். இன்னொரு இடி வாங்கியிருந்தா பையன்... வேணாம், அதை வாயால சொல்ல வேணாம்.

ஹாலிஸ்: இதை ஊர்ல சொல்லியிருந்தா ஒருத்தன் பலகை நட்டிருப்பானா?

நோரீன்: தலையடின்னு வெளிய தெரிஞ்சா பெரிய லீக்குக்காரன் திரும்பிப் பாப்பானா? அதான் ஊர் வசவு மொத்தத்தையும் தான் வாங்கிக்கிட்டார். அந்த மடப்பயலும் மூணு வாரமா அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான் இன்னிக்கு இறக்கியிருக்கார். அவரா பயந்தாங்கொள்ளி? அவர் மனுஷன், பெரியவரே!

ஹாலிஸ்: ...இன்னொரு தடவை சொல்லு.

நோரீன்: எதை?

ஹாலிஸ்: கடைசியா சொன்னதை. காது கொஞ்சம் மந்தம்.

நோரீன்: மனுஷன்னேன். நல்ல மனுஷன்! கேட்டுச்சா?

ஹாலிஸ்: கேட்டுச்சு, கேட்டுச்சு. ...உஷ். அடங்கிட்டாங்க. நேரம் முடியப் போகுது. இதான் கடைசி வாய்ப்பு.

நோரீன்: ஆண்டவரே...

ஹாலிஸ்: மூச்சு விடு தாயி. கடலை உன்னை என்ன பண்ணிச்சு? இப்படி நசுக்கறே!

நோரீன்: என்ன அது? 'ஐயோ'ன்னாங்க! மொத்தக் கூட்டமும் 'ஐயோ'ன்னுச்சு! கேட்டீங்களா?

ஹாலிஸ்: கேட்டேன்.

நோரீன்: இப்பக் கத்தறாங்க... எதுக்குக் கத்தறாங்க?

ரேடியோ: ...ரீஸ் வந்து நிக்கறான். ஓரத்துல நிக்கற கோச் டில்லர்டைத் திரும்பிப் பாக்கறான்...

நோரீன்: அது முடிஞ்சு போச்சுடா பாவி! அடுத்ததைச் சொல்லு!

ரேடியோ: பந்து கையில... ஒரு மூச்சு நிக்கறான்... எறிஞ்சாச்சு! அடேயப்பா, எறிஞ்ச கையோட இடி! ரெண்டு தடியனுங்க மேல விழுந்துட்டானுங்க!

நோரீன்: என் பிள்ளை! பெரியவரே, அது என் பிள்ளை!

ஹாலிஸ்: கையைப் பிடிச்சுக்கோ. நல்லா பிடிச்சுக்கோ.

ரேடியோ: பந்து... பிடிச்சாச்சு! எல்லைக்குள்ள பிடிச்சாச்சு! ஜெயிச்சாச்சு! ஆனா ரீஸ் இன்னும் தரையில... கோச் பந்தைப் பாக்கவே இல்ல, பையன்கிட்ட ஓடறார்... எழுந்துட்டான்! எழுந்து நிக்கறான்! கோச் அவன் முகத்தைப் பிடிச்சு என்னமோ கேக்கறார்... ரீஸ் சிரிக்கறான்!

நோரீன்: தங்கச்சி பேரைக் கேட்டிருப்பார்.

ஹாலிஸ்: சொல்லியிருப்பான். இந்தா, கண்ணைத் துடை. கடலைக்கு ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி.

நோரீன்: போன் பண்ணினதும் நான்தான். யாரோ மாதிரிப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. ...நான் அவன் அம்மான்னு சொல்றேன், நீங்க அசையவே இல்லையே?

ஹாலிஸ்: அது தெரியும். காலையில என் மகன்தான் சொல்லி அனுப்பிச்சான். 'அப்பா, ரீஸோட அம்மா இன்னிக்கு உள்ள வரமாட்டாங்க. பச்சை வண்டிப் பக்கத்துல தனியா உக்காந்து நடுங்கிட்டிருப்பாங்க. போய்த் துணைக்கு இருங்க, யாருன்னு சொல்லாதீங்க'ன்னான். ஏன்டா நடுங்கறாங்கன்னு கேட்டேன். எங்கிட்டகூட வாயைத் திறக்கல.

நோரீன்: டில்லர்ட் உங்க மகனா! பெத்த பிள்ளையையா இவ்வளவு நேரம் தகரம், பயந்தாங்கொள்ளின்னு திட்டினீங்க?

ஹாலிஸ்: பின்னே? நான் புகழ்ந்திருந்தா நீ சும்மா தலையை ஆட்டியிருப்பே. திட்டினாத்தானே எதிர்த்துப் பேசுவே. என் பிள்ளையை நல்லவன்னு யாராவது சொல்லி நான் கேட்டு மூணு வாரம் ஆச்சு தாயி.