தங்காக்கிற்குப் போகாத தட்டு

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ரக்பி லீக் பொறுப்பாளர்களே, மூன்று ஊர் ஆட்டக்காரர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் தலைவரின் துணைவியார் செசிலியா அக்கா அவர்களே, மகள் ஏஞ்சலா, இந்த மூவார் மண்டபம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் உறவுகளே! கைகூப்பி வணங்குகிறேன். அதற்குமேல் எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

நான் கமலநாதன், லீக்கின் செயலாளர். கூட்டங்களில் என் வேலை ஒன்றுதான். "இப்போது நம் தலைவர் சந்தனசாமி அவர்கள் பேசுவார்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இன்று யாரைப் பேச அழைப்பேன்?

யார் இந்தச் சந்தனசாமி? நாற்காலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியை நம் பிள்ளைகள் காலில் ஓடவிட்ட தலைவர்! கோத்தா திங்கியில் ஒரு குழு, மூவாரில் ஒரு குழு, இந்த ஆண்டு புதிதாகத் தங்காக்கில் ஒரு குழு. ஆட்டப் பருவம் தொடங்கும் முன் ஆட்டக்காரர்களை மக்கள் பார்க்க வேண்டும், குழந்தைகள் பந்தைத் தொட வேண்டும், வந்தவர்கள் சாப்பிட்டுப் போக வேண்டும் என்று ரசிகர் தினம் கண்டவர்!

முதல் ஆண்டு என்ன செய்தார்? விளக்குக் கம்பம் தவறாமல் பேனர் கட்டினார். ஃபேஸ்புக்கில் விருப்பக்குறிகள் குவிந்தன. திடலில் குவிந்தது யார்? ஆட்டக்காரர்களும் ஐஸ்கிரீம்காரரும்! பிரியாணி அண்டாவைப் பார்த்தபடி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரிடம் செசிலியா அக்கா கேட்டார்.

"கல்யாணத்துக்கு யாராச்சும் பேனரப் பாத்துட்டா வருவாங்க? வீட்டுக்குப் போய்க் கூப்டீங்களா?"

கேட்டதுதான் தாமதம். மறு ஆண்டு தட்டைத் தூக்கிவிட்டார் மனிதர்! வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் குங்குமம் வைத்த ரக்பி பந்து. பின்னால் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடப்பேன். வீடு வீடாக, "குடும்பத்தோட வந்துடணுங்க" என்று இரண்டு கையாலும் தட்டை நீட்டுவார். இங்கே பாரிட் பக்கம் வேலு என்ற லாரி ஓட்டுநர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அது என்னா பந்துன்னே எனக்குத் தெரியாதுங்க. ஆனா தட்டோட வாசல்ல வந்து நின்னுட்டாரு. வராம இருக்க முடியுமா லா?"

வந்தார்கள், பெருமக்களே! பாட்டுச் சத்தமும் பிள்ளைகள் கூச்சலுமாகத் திடலே கல்யாண வீடானது. இது வேறு யாருக்குத் தோன்றும்?

இந்த ஆண்டு கோத்தா திங்கி அழைப்பு முடிந்தது. மூவார் முடிந்தது. மிச்சம் தங்காக். ரசிகர் தினமும் அங்கேதான், வரும் ஞாயிற்றுக்கிழமை. திடலின் உரிமையாளர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள்: அன்று ஊர் மக்கள் திரண்டால் பருவம் முழுக்கத் திடல் உண்டு, இல்லையென்றால் இல்லை, நாள் மாற்றவும் முடியாது. திடல் இல்லாமல் லீக் ஏது? போன சனிக்கிழமை காலை தட்டை மைவி காரின் பின்னிருக்கையில் வைத்தார். கதவைச் சாத்தினார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அழுதோம். அடக்கம் செய்தோம். பிறகு அக்காவிடம் போய், "தங்காக்குக்கு நான் தட்டு எடுத்துக்கிட்டுப் போகவா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் தம்பி பெட்டிய முன்னால தூக்கினீங்க. எழவு வீட்டுக் கையோட யாரு வாசல்ல போய் நிப்பீங்க?" என்றார்.

நம் வழக்கம் நமக்குத் தெரியாதா? கோயிலுக்குப் போகிறவரானாலும் தேவாலயத்துக்குப் போகிறவரானாலும் நம் வீடுகளில் அதுதானே முறை! குழுவில் இருக்கும் எல்லோருமே அந்தப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள். முன்பின் தெரியாத ஒருவரை அனுப்பினால் அது அழைப்பாகுமா? கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். ஒரு வழியும் தெரியவில்லை.

தலைவரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் நான் உறுதி சொல்ல வேண்டும். எழுதியும் வைத்திருந்தேன். படிக்க மனம் வரவில்லை, உறவுகளே! எதை வைத்துத் தொடர்வேன்?

ஆனால் பின்வரிசையைப் பார்க்கிறேன். துணிக்கடைகளைச் சாத்திவிட்டு வேன் வேனாகத் தங்காக்கிலிருந்து வந்து நிற்கிறீர்கள். அவர் வாசல் மிதிக்காத வீட்டுக்காரர்கள் நீங்கள். உங்களை யார் அழைத்தது? யாரும் அழைக்கவில்லை. துக்கத்துக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கேள்விப்பட்டீர்கள், வந்துவிட்டீர்கள்.

நான் உங்களை ரசிகர் தினத்துக்கு அழைக்க முடியாது, அழைக்கவும் கூடாது. அதனால் இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். வரும் ஞாயிறு காலை, தங்காக் திடலில், நம் சந்தனசாமிக்குத் துக்கம். கேள்விப்பட்டீர்கள் அல்லவா? வந்துவிடுங்கள்.