ஒரே குடும்பத்துச் செடிகள்

என் சமையலறையிலிருந்து நீங்கள் எடுத்துப்போன கசகசாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், மெர்சி மேடம். குருமாவுக்கு வைத்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காயோடு அரைத்தால் குழம்பு கெட்டியாக வரும். அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் ஏட்டு அதைப் போதை விதை என்று எழுதிக்கொண்டார். பாவம், அவர்மேல் தப்பில்லை. அபின் எடுக்கிற செடியும் அதேதான். ஆனால் அபின் காயின் பாலில் இருக்கிறது, விதையில் இல்லை. தாய் கெட்டவள் என்பதற்காகப் பிள்ளையைப் பிடித்து உள்ளே வைக்க முடியுமா? ஓய்வு பெறும்வரை ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் நான். பேரைத் தப்பாக எழுதினால் எனக்குப் பொறுக்காது. சகீனா என்று என் பேரைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். செடியின் பேரையும் சரியாக எழுதுங்கள் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

கசகசா பாப்பிக் குடும்பம். பெரிய குடும்பம் அது. சிவப்புப் பாப்பிக்கு எங்கள் உருதுவில் லாலா என்று பேர். இதழுக்கு அடியில் கறுப்பாக ஒரு கறை இருக்கும். நெஞ்சில் காயம் பட்ட பூ என்பார்கள். பேத்தி பிறந்தால் லாலா என்று வைக்க நினைத்திருந்தேன்.

போன நவம்பரில் என் மருமகள் தூபா காகிதத்தில் செய்த சிவப்புப் பாப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் என் மகன் காஷிஃபும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அங்கே ஷூ வாங்க வந்திருந்த இங்கிலாந்து பையர் கோட்டில் குத்தியிருந்ததாம். சண்டைக்குப் போய்த் திரும்பி வராதவர்களை நினைத்து அந்த மாதத்தில் குத்திக்கொள்வார்கள். அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் தூபா விஷயத்தைச் சொன்னாள். பையர் அவளுக்கு இங்கிலாந்திலேயே வேலை தருகிறார். காஷிஃபும் கூடப் போகிறான்.

"ரெண்டு வருஷம்தான் அம்மி," என்றான் காஷிஃப். "டெய்லி வீடியோல பேசலாம்."

"போய்ட்டு வாங்க," என்றேன். நான் கோபப்படுகிறவள் இல்லை. என் மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வாரம் பாலாற்றுப் பக்கம் நடக்கப் போனேன். தண்ணீர் இல்லாத ஆறு. மணலெல்லாம் மஞ்சள் பூ. முள் இலை, ஒடித்தால் மஞ்சள் பால். அதுவும் பாப்பிதான். பிரம்மதண்டு என்பது ஒரு பேர். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி அதைக் குடியோட்டிப் பூண்டு என்பாள். நிலத்தில் புகுந்துவிட்டால் குடித்தனக்காரனையே ஊரைவிட்டு ஓட்டிவிடும் என்று அர்த்தமும் சொல்வாள். அதன் லத்தீன் பேருக்குள் கண்ணில் பூ விழுவதைக் குறிக்கிற ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது. கண்ணுக்கு மருந்து என்று நம்பி வைத்த பேர். விதை பார்ப்பதற்குக் கடுகு மாதிரி இருக்கும்.

அது என் ஊறுகாய் எண்ணெயில் எப்படிப் போனது என்பதை உங்கள் ஆய்வகம் எழுதிவிட்டது. நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் சமையல் கடலை எண்ணெயில். மாங்காய் ஊறுகாய் மட்டும் கடுகு எண்ணெயில். என் கணவர் மக்பூல் அகமது தோல் வியாபாரத்துக்குக் கான்பூர் போய்வந்த காலத்தில் பழகிய ருசி அது. அவர் இறந்தபின்னும் நான் விடவில்லை. காஷிஃபுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வாசனை ஆகாது. ஜாடியைத் திறந்தால் எழுந்துபோய்விடுவான். தூபாவுக்கு உயிர். தினமும் அவள் டிபனோடு ஒரு சின்ன டப்பாவில் வைத்து அனுப்புவேன். ஆகவே யாருக்குப் போய்ச் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். கொஞ்சம் உடம்பு முடியாமல் போனால் பயணம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவ்வளவுதான் என் கணக்கு.

அவள் கால் வீக்கத்தை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஷூ. தூபாவின் பாதம் கம்பெனி அளவுக்கு அச்சு அசல். பெண்கள் ஷூ தைத்தால் முதல் ஜோடியை அவள் காலில் போட்டுப் பார்த்துத்தான் மற்றதைத் தைப்பார்கள். அந்த முறை ஷூ இறுக்கியது. ஷூவை ஏற்றித் தைக்கிற கால் கட்டையில் தப்பு என்று கட்டையை மாற்றினார்கள். தோல் சரியில்லை என்று தோலை மாற்றினார்கள். பிறகு அவள் காலுக்குச் சரியாக வருகிற மாதிரி தைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தொளதொளவென்று இருக்கிறது என்று திரும்பி வந்தது. அதுவரை ஒருவரும் அவள் காலைச் சந்தேகப்படவில்லை. அளவுகோல் வளரும் என்று யாருக்குத் தோன்றும்?

"கம்பெனியே பேஜாராய்ட்டாங்க அம்மி," என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நான் அவள் காலை எடுத்து மடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பெற்ற மகளை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேனா என்று தெரியாது.

உள்ளூர் டாக்டர் அவளுக்கு உப்பையும் ஊறுகாயையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அதை இருவரும் என்னிடம் மறைத்துவிட்டார்கள். அம்மி ஆசையாகக் கொடுக்கிறது, திருப்பிக் கொண்டுபோனால் மனசு கஷ்டப்படும் என்று காஷிஃப் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டிருக்கிறான். டப்பா காலியாகத்தான் வந்தது. ஆனால் தூபாவின் வீக்கம் வடிந்துகொண்டே போனது. எனக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிய டப்பாவாக மாற்றினேன்.

ஒரு காலை காஷிஃப் வேலைக்குக் கிளம்ப உட்கார்ந்தான். ஷூ ஏறவில்லை.

"இன்னா அம்மி இது, என் ஷூவும் சின்னதாய்டுச்சா?"

நான் அவன் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. "ஊறுகாய் நீ சாப்பிடறியா?" என்று கேட்டேன். அவன் கள்ளச் சிரிப்புச் சிரித்தான். "இப்ப பழகிடுச்சு. அவகிட்ட கேக்காத, பாவம்." இந்த வயதிலும் அம்மா மனசு நோகக் கூடாது என்று பார்க்கிற பிள்ளை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றே ஜாடியைக் கொட்டியிருக்கலாம் என்கிறீர்கள். உண்மை. ஆனால் டிக்கெட் தேதி நெருங்கியிருந்தது. அவனுக்கு முடியவில்லை என்றால் தூபாவும் போகமாட்டாள். தேதி தாண்டட்டும், பிறகு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். டப்பாவை நிரப்பி அவன் கையிலேயே கொடுத்தேன்.

தேதி தாண்டியது. நான் நினைத்தபடி நிறுத்தினேன். ஆனால் அவனுக்குப் படுத்தால் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பெண் டாக்டர், என் மாணவி வயதுதான் இருக்கும், சரியான கேள்வியைக் கேட்டாள். வீட்டில் கடுகு எண்ணெய் உண்டா? இல்லை, கடலை எண்ணெய்தான் என்றேன். தூபா என் முகத்தையே பார்த்தாள். அதற்கப்புறம் நான் கொண்டுபோன கஞ்சியை அவனுக்குக் கொடுக்கவிடவில்லை. வீட்டுக்கு வந்து ஜாடியை எடுத்துக்கொண்டு ஆம்பூரிலிருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். உங்களிடம் வந்த ஜாடி அதுதான்.

முன்னாடியே தெரிந்திருந்தால் இதயத்தைக் காப்பாற்றியிருப்போம் என்று அந்த டாக்டர் சொன்னாள். தெரிந்தது நான் ஒருத்திதான். கேட்டபோது நான் இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திருத்தம். குடியோட்டி என்று ஊர்க்காரர்கள் வைத்த பேர் பொருத்தமில்லை, மேடம். காஷிஃப் எங்கேயும் போகவில்லை. எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால் அவன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். மொட்டை மாடியில் நின்றால் எனக்குத் தெரியும்.