புள்ளிகூடக் காட்டாது

— அந்தப் பளபளப்பு லேப்டாப் வேண்டாம் அண்ணி, சொன்னாக் கேளுங்க. அதுல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா வைஃபை பல்லிளிச்சிடும். மூடி வெச்சா நல்லாத் தூங்கும், திறந்தா முழிக்காது.

— எனக்கு முழிச்சே ஆகணும் தம்பி. நாளைக்குப் பத்து மணிக்கு வீடியோவுல இன்டர்வியூ. நடுவுல நின்னு தொலைச்சா என் கதை முடிஞ்சுது.

— அப்ப கண்ணை மூடிக்கிட்டு இந்தக் கறுப்பை எடுங்க. ஏதோ ஆபீஸ்ல மூணு வருஷம் அடிபட்டு வந்த லேப்டாப். ஆள் கொஞ்சம் குண்டு, ஆனா கீழே போட்டாலும் தாங்கும். லினக்ஸ் ஏத்தி வைஃபை, கேமரா, மைக் எல்லாம் பார்த்தாச்சு.

— பீரோவுல துணிக்கடியில நுழையுமா?

— என்ன அண்ணி, கடத்தல் சரக்கு மாதிரி கேக்கறீங்க!

— சிரிக்காத. உங்க அண்ணன் என் பழைய லேப்டாப்ல என்னமோ ஏத்தி வெச்சிருக்கார். நான் என்ன அடிச்சாலும் அவருக்குத் தெரிஞ்சுடுது. போன மாசம் கட்டட வரைபடம் போடற வேலை கைக்கு வந்துச்சு. என் மெயில்ல பூந்து, என் பேர்லயே 'வர இயலாது'ன்னு எழுதி அனுப்பிட்டார்.

— அவர் அப்படித்தான். சின்ன வயசுல என் டிபன் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துட்டுத்தான் குடுப்பார்.

— உனக்கு டப்பாவோட போச்சு. நான் பதினோரு வருஷமா உள்ளேயே கிடக்கேன். மூச்சு முட்டுது தம்பி. அவர் என்னைத் தனியாப் போக விடற ஒரே இடம் உன் கடைதான், அவரோட சொந்தத் தம்பி கடைங்கறதால. அதான் உன்கிட்ட வாயைத் திறந்தேன். லினக்ஸ்ல உளவு பார்க்கற எதையும் சுலபத்துல ஒளிச்சு வைக்க முடியாதாமே?

— சமையக்கட்டைத் திறந்து போட்ட ஹோட்டல் மாதிரி அண்ணி. யார் வேணா எட்டிப் பார்க்கலாம், தப்புத்தண்டா பண்ணினா எவனாவது பிடிச்சுடுவான்.

— அது போதும். இதையே எடுத்துக்கறேன்.

— பாஸ்வேர்டை நீங்களே போடுங்க. புதுசா யோசிச்சுப் போடுங்க. சத்தியமா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— என்னப்பா இது, அடிக்கறேன் அடிக்கறேன், ஒண்ணுமே விழலை? கீ போச்சா?

— விழாது. மத்ததுல எழுத்துக்கு ஒரு புள்ளி விழும், இந்த இடத்துல லினக்ஸ் புள்ளிகூடக் காட்டாது. எத்தனை எழுத்துன்னு பக்கத்துல நிக்கறவனுக்கும் தெரியாது. மனசுல வெச்சுக்கிட்டு ரெண்டு தடவை அடிங்க.

— அப்பாடா! இப்படி ஒரு மெஷின் இருக்கறது இத்தனை நாள் தெரியாமப் போச்சே... ஐயோ, ரெண்டும் ஒத்துப் போகலைங்குதே?

— பூஜ்யம் வர்ற இடத்துல 'ஓ'வைத் தட்டியிருப்பீங்க. எப்பவும் அதானே உங்களுக்கு. மூணாவது தடவைதான் சரியா வரும்.

— ஆமாமா, 'ஓ'தான் தட்டியிருக்கேன்... இரு. நான் தப்பா அடிக்கறதை நீ எங்க பார்த்தே? எங்க வீட்டுல என் லேப்டாப் பக்கம்கூட நீ வந்ததில்லையே?

— சும்மா ஒரு யூகம்தான் அண்ணி.

— தம்பி, என்னைப் பாரு.

— நீங்க அடிக்கறதையெல்லாம் தினமும் படிச்சு, முக்கியமானதை அவருக்கு எடுத்துச் சொல்றது நான்தானே அண்ணி. அண்ணனுக்கு அதெல்லாம் எங்க பார்க்கத் தெரியும்?