மச்சாள் ஹொட்டேலிலை நிக்கிறா

ஆரோ ஒருத்தர் வாயைத் திறந்திருக்கினம், பிள்ளை. ஆரெண்டு தெரியேல்லை. ஆனா திறந்திருக்கினம். திறக்காமல், உந்தப் பெரிய ரொறன்ரோவிலை, இத்தினை கட்டடத்துக்கை, நான் நிக்கிற ஹொட்டேலை எப்பிடிக் கண்டுபிடிச்சவை? நாய் விட்டு மணந்து பாத்தவையோ? அந்த ஆள் மட்டும் என்ரை கையிலை அம்பிடட்டும்...

இரும், இரும். எங்கை எழும்புறீர்? தீவுக்குப் போற படகு இன்னும் வரேல்லை. கேற் பூட்டித்தான் கிடக்கு. வெளியிலை நிண்டு விறைக்கிறதுக்கு உதிலை இருந்து என்னோடை கதைச்சா என்ன? நீர் தமிழ்ப் பிள்ளை எண்டு எப்பிடிப் பிடிச்சனான் தெரியுமோ? "ஓம் அம்மா, தொப்பி போட்டிருக்கிறன் அம்மா" எண்டு ஃபோனிலை சொன்னீர். தொப்பி உம்மடை பைக்குள்ளை கிடக்கு. அப்பவே முடிவெடுத்திட்டன், எங்கடை பிள்ளைதான் எண்டு.

நான் செலீன். லண்டன். ஈஸ்ற்ஹாமிலை மீன்கடை வைச்சிருக்கிறன். சின்னனிலையே பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப்போட்டினம். மிச்சம் முழுக்க என்னை ஏமாத்தின ஆக்கள் படிப்பிச்சது. நல்ல வாத்திமார். ஒருத்தரும் ரெண்டாந்தரம் ஏமாத்தேல்லை. விடிய எழும்பி மீன் தாற மொத்த வியாபாரியோடை சண்டை. பகல் முழுக்க வாங்க வாற சனத்தோடை சண்டை. "அக்கா, கடைசி விலை என்ன, அக்கா, கடைசி விலை என்ன" எண்டு... பின்னேரம் தொண்டை கட்டி வீட்டை போனா, ஊரிலையிருந்து வந்த ஆரோ ஒருத்தர் சோபாவிலை இருப்பினம். இத்தினை வரியத்திலை, ஒரு நாளெண்டாலும் தனியக் குந்தியிருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சனீங்களோ எண்டு என்னட்டைக் கேளும். கேளுமன்.

இல்லை. குடிக்கேல்லை.

அதுதான் வந்தனான். தனிய. ஸ்நோ பாக்க.

உமக்குச் சிரிப்பு. லண்டனிலை ஸ்நோ இல்லையோ எண்டுதானே யோசிக்கிறீர்? லண்டனிலை விழுறது ஸ்நோவே, பிள்ளை? ஊத்தின தேத்தண்ணி ஆறுறதுக்கிடையிலை சேறாப் போயிடும். ரீவியிலை மட்டும்தான் ரெண்டு நாள் கிடக்கும்.

இந்த ரொறன்ரோவுக்கு நான் முந்தியும் ஒருக்கா வந்தனான். மனுசன் சூசைதாசன் உயிரோடை இருக்கேக்கை. அவற்றை தம்பி அகஸ்ரின் அஜின்கோர்ட்டிலை இருக்கிறான். அவன்ரை மூத்த மகளுக்குக் கலியாணம், தை மாசம். ஸ்நோ எண்டா ஸ்நோ, முழங்கால் மட்டும். நான் எங்கை நிண்டனான்? பேஸ்மென்ற்றிலை. பயித்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு. மேலை, கூரையோடை ஒட்டினமாதிரி ஒரு துண்டு யன்னல். அதாலை பாத்தா ஸ்நோவுக்குள்ளாலை சனத்தின்ரை சப்பாத்துகள் போகும், வரும். ஆள் தெரியாது. சப்பாத்து மட்டும்தான். பணியாரத்தைத் திருப்பித் திருப்பி அந்தச் சப்பாத்துகளைப் பாத்துக்கொண்டு நிண்டன். நான் கண்ட கனடா அவ்வளவுதான். அண்டைக்கே நினைச்சனான்: ஒரு நாளைக்கு நான் அந்தப் பக்கம் நடக்கவேணும். ஆரும் கீழையிருந்து பாக்கட்டும்.

அகஸ்ரினுக்கு ஏன் சொல்லேல்லை எண்டோ? சொன்னா என்ன நடக்கும்? எயர்போட்டுக்கு ரெண்டு வான் வரும். ஒண்டிலை ஆக்கள், மற்றதிலை அந்த ஆக்களுக்குச் சாப்பாடு. பிறகு வீடு வீடாக் கொண்டுதிரிவினம். நல்ல சனம், பிள்ளை. அதுதான் பிரச்சினை. கெட்ட சனமெண்டா ஒரு சண்டையைப் பிடிச்சுப்போட்டு நிம்மதியா ஹொட்டேலிலை நிண்டிருப்பன்.

சொந்தக்காரர் இருக்கிற இடத்திலை ஹொட்டேலிலை நிண்டா எங்கடை ஆக்களுக்கு என்ன அர்த்தம் எண்டு உமக்குத் தெரியும்தானே? கோவம். கதை பேச்சில்லை. காணிப் பிரச்சினை. செத்தவீட்டுக்கும் போகமாட்டினம். சும்மா நிண்டவா எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம். அதாலைதான் ஒளிச்சு வந்தனான்.

ஆனா பிள்ளை... முதல் நாள்... விடிய வெளிக்கிட்டன். ஹொட்டேலுக்குப் பின்னாலை ஒரு பார்க். இரவு முழுக்கக் கொட்டியிருக்கு. ஒரு காலடி இல்லை. நாய்கூடப் போகேல்லை. கரையிலை நிண்டு யோசிச்சன், இதை நான் பழுதாக்கலாமோ எண்டு. பேந்து, ஏன், நான் என்ன ஓசியிலையே வந்தனான் எண்டு இறங்கினன். சர்க், சர்க் எண்டு சத்தம். நெடுக்காலை நடந்தன், குறுக்காலை நடந்தன். திரும்பிப் பாத்தா அங்கினை முழுக்க என்ரை கால்தான். வேறை ஒருத்தற்றையும் இல்லை.

பேந்து ஒரு கடையிலை கண்ணாடிக்குப் பக்கத்திலை இருந்து ஹொட் சொக்லேற் குடிச்சன். கேட்ட விலையைக் குடுத்தன், பிள்ளை. மறுபேச்சில்லாமல்! வெளியிலை வந்தாப்பிறகுதான் எனக்கே அது விளங்கினது. காய்ச்சல் கீய்ச்சலோ எண்டு நெத்தியைத் தொட்டுப் பாத்தன்.

நகரசபைக்கு முன்னாலை ஐஸ் கட்டி வைச்சிருக்கிறாங்கள், வழுக்கி ஓடுறதுக்கு. அங்கையும் போனன். விழுந்தன். இருந்தபடி, தொம்மெண்டு. "ஐயோ மச்சாள்", "ஐயோ அன்ரி" எண்டு ஒருத்தரும் ஓடிவரேல்லை. ஒருத்தரும் மஞ்சள் அரைச்சுப் பூசச் சொல்லேல்லை. நானே சிரிச்சன். நானே எழும்பினன். சந்தையிலை மீன் பாக்கப் போனன். வாங்க இல்லை, சும்மா பாக்க! செவுளை மட்டும் தூக்கிப் பாத்தன், கை பழகிப்போச்சு. நல்ல மீன். இன்னும் கொஞ்சம் ஐஸ் போடும் தம்பி எண்டு சொல்லிப்போட்டு வந்தன். அவனுக்குத் தமிழ் விளங்கேல்லை. பறவாயில்லை.

அந்தச் சந்தோசத்தோடைதான் நேற்றுப் பின்னேரம் திரும்பி வாறன், கன்னமெல்லாம் விறைச்சு. ஹொட்டேல் கதவு தானாத் திறக்குது. திறந்தவுடனை நண்டுக்கறி மணம்.

குளிராலை மூளை பிசகிப்போச்சு எண்டுதான் நினைச்சன். பாத்தா அகஸ்ரின். பக்கத்திலை பெண்சாதி வேரோனிக்கா, மடியிலை சாப்பாட்டுப் பை. பேரப்பிள்ளையள் சூட்கேஸ் தள்ளுற வண்டிலிலை ஏறி ஓடித்திரியுதுகள். வரவேற்பிலை நிண்ட வெள்ளைக்காரப் பெட்டை பிளேற்றிலை வைச்சுப் புட்டுச் சாப்பிடுது. அதுக்கும் குடுத்திருக்கினம்!

வேரோனிக்கா அழுதா. சத்தமில்லாமல். அகஸ்ரின்தான் கேட்டான், "மச்சாள், அண்ணை செத்ததோடை நாங்களும் செத்துப்போனமோ?"

நான் வேரோனிக்காவின்ரை மடியிலை கிடந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டன். 

இண்டைக்குப் பூசை முடிய வந்து என்னைச் சாமானோடை ஏத்திக்கொண்டு போவினமாம். மத்தியானச் சாப்பாடு. பிறம்ரனிலையிருந்து அவன்ரை சம்பந்தி அலெக்ஸாண்டர் குடும்பமும் வருகுதாம். நாளைக்கு எனக்குப் பிளேன். மிஞ்சிக் கிடக்கிறது இண்டைக்கு ஒரு பகல்தான். உந்தப் படகிலை ஏறி, தீவிலை இறங்கி, உறைஞ்ச தண்ணிக் கரையாலை நடக்கவெண்டு பொத்திப் பொத்தி வைச்சிருந்த பகல். அதுதான் விடியக் காலமை கள்ளி மாதிரி ஹொட்டேலாலை வெளிக்கிட்டு ஓடியந்தனான்.

பாரும், ஃபோன் அடிக்குது. அகஸ்ரின். அடிக்கட்டும்.

ஆர் சொன்னது? ஆர்? முதல் மகன் றூபனை எடுத்துப் பேசினன். "அம்மா, எனக்கு ஹொட்டேல் பேரே தெரியாது" எண்டான். உண்மைதான், அவனுக்கும் நான் சொல்லேல்லை. எயர்போட்டிலை ஏத்தின ராக்ஸிக்காரன்? தமிழன்தான். ஆனா அவனோடை நான் இங்கிலீசிலைதான் கதைச்சனான். என்ரை இங்கிலீசைக் கேட்டு நான் ஆரெண்டு ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது, எனக்கே ஏலாது. கோயில் சனமோ? கோயிலுக்கே போகேல்லை. பாவசங்கீர்த்தனத்தை லண்டன் போய்ச் செய்வம் எண்டு விட்டிட்டன். பாரும், அவ்வளவு கவனமா இருந்தனான்!

சரி, உதை விடும். உந்தச் சப்பாத்தைப் பாரும். என்ன மதிக்கிறீர்? ம்... அதின்ரை பாதிதான், பிள்ளை! தண்ணி ஒரு சொட்டு உள்ளை போகாது. லண்டன் சப்பாத்து முதல் நாளே ஊறிப்போச்சு. ஹொட்டேலுக்குப் பக்கத்திலை ஒரு பெரிய கடையிலை போய், கடைசி விலை என்ன எண்டு கேட்டன். அந்தப் பெட்டை ஒட்டிக்கிடந்த விலையைத் திருப்பி வாசிச்சுக் காட்டினா. எனக்கு எழுத்துத் தெரியாது எண்டு நினைச்சா போலை. பேரம் பேசாமல் வாங்கினா அது சப்பாத்தில்லை, தண்டம். ஹொட் சொக்லேற் ஒரு நாள் மயக்கம், அதை விடும்.

அடுத்த நாள் எங்கடை சனம் இருக்கிற ஸ்காபரோவுக்குப் போனன். ரெயின், பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். சால்வையாலை முகத்தை மூடி, கண் மட்டும் தெரிய. ஆரும் கண்டுபிடிக்கக்கூடாதெல்லோ? ஒரு பிளாசாவிலை எங்கடை ஆள் ஒருத்தற்றை கடை, ஜூலியஸ் எண்டு பேர். சூட்கேஸ், போர்வை, சப்பாத்து எல்லாம் கிடக்கு. அவர் ஒரு விலை சொன்னார். நான் பாதி சொன்னன். அவர் சிரிச்சார். நான் சிரிக்கேல்லை. வேண்டாமெண்டு வாசல் மட்டும் நடந்தன். கூப்பிடவேண்டிய இடத்திலை மனுசன் கூப்பிடேல்லை, பிள்ளை! நானே திரும்பி வந்தன். அப்ப விளங்கீட்டுது, இது லேசான ஆளில்லை.

சால்வையை இறக்கினன். "அண்ணை, நான் ஆர் தெரியுமோ? பாசையூர். செத்துப்போன சூசைதாசன்ரை பெண்சாதி. அஜின்கோர்ட் அகஸ்ரின்ரை மச்சாள்" எண்டன். உதுக்கு மேலை எங்கடை ஆக்களிட்டை ஒரு ஆயுதம் இல்லை. மனுசன் எழும்பி நிண்டிட்டார். "அட, அகஸ்ரின்ரை மச்சாளோ! முதலே சொல்லியிருக்கலாமே" எண்டு விலையை இறக்கினார். நான் அதோடை விடுவனோ? "ஹொட்டேலுக்குக் குடுத்துக் குடுத்தே கை காய்ஞ்சுபோச்சு அண்ணை" எண்டன். எந்த ஹொட்டேல் எண்டு கேட்டார். சொன்னன். "ஐயோ, அது சரியான விலையெல்லோ தங்கச்சி" எண்டு இரங்கி, நான் கேட்ட பாதிக்கே தந்து, கம்பளிச் சொக்ஸும் சும்மா வைச்சுத் தந்தவர். தங்கமான மனுசன்.

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறீர்?

சப்பாத்தைப் பாக்கிறீர். பேந்து என்னைப் பாக்கிறீர்.

சீச்சீ, இல்லை. ஜூலியஸ் அண்ணை ஏன் சொல்லப்போறார்? அந்தாளுக்கு என்னை ஆரெண்டே தெரியாது. நான் சொல்லித்தானே... ஹொட்டேலும் நான்...

அது விலைக்குச் சொன்னது, பிள்ளை. விலைக்குச் சொல்லுறது கதையிலை சேராது.

சேருமோ?

...

கேற் திறக்கிறாங்கள். இரும், நானும் வாறன், இந்தப் பையை... பிள்ளை! எடி பிள்ளை! போயிட்டாள். ஓட்டமாப் போறாள். இப்பதான் தொப்பியை எடுத்துப் போடுறாள். எந்த ஊர் எண்டு கேக்கவும் மறந்துபோனன்.

திரும்ப அடிக்குது. அகஸ்ரின்தான்.

சரி. இனி நான் அந்த ஆளோடைதான் கதைக்கவேணும். வாயைத் திறந்த ஆளோடை. எடியே, கேக்குதோ? ஒரு சோடிச் சப்பாத்துக்கு ஊரைச் சொல்லி, ஆளைச் சொல்லி, ஹொட்டேலையும் சொன்னவளே! சொக்ஸுக்கு வேரோனிக்காவை அழவைச்சவளே! இப்பவும் ஒளிச்சு ஓடினா, கோவம் எண்டுதானே அவன் சாகுமட்டும் நினைப்பான்? நீ குழப்பினதை ஆர் வந்து சரிப்பண்ணுறது? ஃபோனை எடு. எடுத்துச் சொல்லு. அகஸ்ரின், கோவமில்லை. காணியுமில்லை, பூமியுமில்லை. உன்ரை பேஸ்மென்ற் யன்னலாலை பாத்த ஸ்நோவிலை ஒருக்கா நடக்க வந்தனான், அவ்வளவுதான். இரவுக்கு வாறன். சாமானோடை வாறன். உன்ரை வீட்டிலைதான் படுப்பன். நண்டுக்கறியை அலெக்ஸாண்டருக்கு முழுக்கக் குடுத்து முடிச்சுப்போடாதேங்கோ. ஆனா பொழுது படுமட்டும் நான் ஒருத்தற்றை மச்சாளுமில்லை. உதுதான் கடைசி விலை. குறையாது.

தம்பி, கேற்றைப் பூட்டாதையும், ஒரு ஆள் வருது!

எடடி செலீன், ஃபோனை எடு!